நாதம் பிறக்கும் இடம்

அடுத்த அறையில் பேசுகின்றவர் இன்னார் என்பதை அவர் முகம் காணாமலே நாம் சொல்லிவிடுகிறோம். சொற்கள் தெளிவாகக் காதில் விழ வேண்டும் என்பதுகூட இல்லை. ஓர் இருமல், ஒரு செருமல் போதும். மனிதக் குரலுக்கு இறைவன் வழங்கியிருக்கும் தனித்தன்மை அத்தகையது. துளைக்கருவி ஊதுகின்றவர்களிடமும் இத்தனித்தன்மை உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பித்தளையும் நாணலும் சேர்ந்த உயிரற்ற ஒரு பொருள், ஊதுகின்றவரின் மூச்சுப் பட்டதும் அவருடைய குரலைப் பெற்றுவிடுகிறது. ஒரே கருவியை இருவர் மாற்றி மாற்றி ஊதினாலும் இருவேறு குரல்களே பிறக்கின்றன. அக்குரலைத்தான் கலைஞர்கள் தம் நாதம் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

சாக்ஸபோன் என்னும் மேலைநாட்டுக் கருவியை நாம் முப்பதாண்டுகளுக்கும் மேலாக ஊதி வருகிறோம். மேடை ஏறிப் புகழ் பெற்றதில்லை. பள்ளி ஆசிரியப் பணி முடிந்து வீடு திரும்பியபின், மாலையில் கிடைக்கும் ஒரு மணி நேரமே நமது கச்சேரி. வீட்டாரும் அண்டை வீட்டாருமே நம் அவையோர். இக்கருவியைப் பயில்வோர் இருவர் சந்தித்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் மவுத்பீஸில் வந்து நிற்கும். ‘எந்த மவுத்பீஸ் வைத்திருக்கிறீர்கள்? எத்தனையாம் எண்?’ என்பதே முதல் விசாரணை. தமக்குரிய நாதம் ஏதோ ஒரு கடையின் கண்ணாடிப் பேழைக்குள் காத்திருக்கிறது, அதனைக் கண்டெடுத்தால் போதும் என்னும் நம்பிக்கை அவ்விசாரணையில் மறைந்திருக்கிறது.

நமக்கு இது வெறும் பேச்சாக நிற்கவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் மேல்வரிசை முன்பற்கள் நான்கினை எடுத்துவிட்டுப் பல்செட் பொருத்திக்கொள்ள நேர்ந்தது. காயம் ஆறியபின் கருவியை எடுத்து ஊதினால், வெளிவந்தது வேறு யாருடைய குரலோ! நாதம் என்பது எங்கே இருக்கிறது? பித்தளையிலா, மவுத்பீஸிலா, பல்லிலா, நெஞ்சிலா? அதுவரை ஏட்டளவில் இருந்த இக்கேள்வி, மாலைதோறும் விடை கேட்டு நம்முன் வந்து நின்றது. அவ்விடையைத் தேடியபோது அறிந்துகொண்டவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

★

சாக்ஸபோனைக் காண்பவர்கள் அதன் வளைந்த பித்தளை உடலையும், உடலெங்கும் அடுக்கடுக்காக அமைந்த விசைகளையும் கண்டு வியப்பார்கள். ஆனால் ஒலி பிறப்பது அங்கன்று. கருவியின் கழுத்துக் குழாயில் தக்கை சுற்றிய நுனியொன்று உண்டு. பறவையின் அலகைப் போன்ற ஒரு சிறு துண்டு அதன்மேல் செருகப்படுகிறது. அதுவே மவுத்பீஸ். அதன் அடிப்புறம் சமதளமாக இருக்கும். ரீடு எனப்படும் மெல்லிய நாணற்பட்டையை அத்தளத்தின்மேல் வைத்து, திருகாணியுள்ள ஒரு வளையத்தால் இறுக்கிவிடுகிறார்கள். ஊதுகின்றவர் மேற்பற்களை அலகின்மீது ஊன்றி, கீழுதட்டை ரீடுக்கு மெத்தையாக்கி, இதழ்களைச் சுற்றிலும் மூடிக் காற்றைச் செலுத்துகிறார். ரீடு துடிக்கிறது, காற்றின் வழியை நொடிக்குப் பல நூறு முறை திறந்து திறந்து மூடுகிறது. அத்துடிப்பே குழலுக்குள் புகுந்து நாதமாக வெளிவருகிறது.

நம்மவர்க்கு இது விளங்காத செய்தியன்று. நாகூர் தர்காவில் நாகசுரம் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சீவாளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கொறுக்கைத் தட்டையில் செய்த அச்சீவாளி, கெண்டை எனப்படும் உலோகத் துண்டின்மேல் செருகப்பட்டுக் குழலோடு சேர்கிறது. நாகசுரக் கலைஞரின் குழலில் சீவாளிகள் சில கயிற்றில் தொங்கிக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒன்று ஒத்துழைக்காவிடின் மற்றொன்று. அன்றைய வெப்பம், ஈரம், தம் உதட்டின் நிலை ஆகியவற்றை உணர்ந்து, எதனைச் செருகுவது என்று அவர் ஊதிப் பார்த்துத் தேர்கிறார். சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று மோதித் துடிக்கின்றன. சாக்ஸபோனில் இதழ் ஒன்றே. மற்றோர் இதழின் இடத்தில் மவுத்பீஸின் விளிம்பு அசையாமல் நிற்கிறது. வேற்றுமை அவ்வளவே. சாக்ஸபோன் ரீடும் ஒருவகைப் பெருநாணலிலிருந்தே செய்யப்படுகிறது. தென் பிரான்சின் வார் மாவட்டத்தில் விளையும் நாணல் அதற்குப் பெயர் பெற்றது.

★

இக்கருவியைப் படைத்த அடோல்ஃப் சாக்ஸ் இன்றைய பெல்ஜியத்தின் தினான் நகரில் 1814 ஆம் ஆண்டு பிறந்தவர். 1842 இல் பாரிஸ் மாநகர் சென்று பட்டறை அமைத்தார். 1846 இல் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை பெற்றார். கிளாரினெட்டின் ஒற்றை ரீடையும், நுனி குறுகி அடி விரிந்த கூம்பு வடிவப் பித்தளைக் குழலையும் ஒன்றுசேர்த்ததே அவர் செய்த புதுமை. 1850களில் அவருடைய உதட்டில் புற்றுநோய் கண்டது. ஊதுகருவி செய்கின்றவருக்கு உதட்டிலே நோய் என்றால் அது எத்தகைய சோதனை! சில ஆண்டுகள் துன்புற்றபின் குணமடைந்தார். செல்வம் மட்டும் அவரிடம் நிலைக்கவில்லை. வழக்குகளாலும் கடன்களாலும் நொடித்து, 1894 இல் வறுமையில் மறைந்தார்.

சாக்ஸ் அமைத்த மவுத்பீஸின் உட்பகுதி அகன்று உருண்டிருந்தது. அதனால் நாதமும் மென்மையாக, உருண்டு திரண்டு ஒலித்தது. இருபதாம் நூற்றாண்டில் நடன அரங்குகளின் பெருங்குழுக்கள் தோன்றியபோது நிலை மாறியது. எக்காளங்களுக்கு நடுவே உட்கார்ந்து ஊதும் சாக்ஸபோன், அவற்றின் முழக்கத்தைக் கிழித்துக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. ஆகவே மவுத்பீஸின் உள்ளறையைக் குறுக்கினார்கள், உள்மேற்பரப்பை உயர்த்தினார்கள். ஒலி கூர்மை பெற்றது, தொலைவு சென்றது. மென்மை குறைந்தது.

இம்மாற்றத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் தலையாயவர் ஜெர்மனியில் 1907 இல் பிறந்த சிகுர்த் ராஷர். கிளாசுனோவ் இயற்றிய சாக்ஸபோன் கான்செர்ட்டோவை 1934 இல் சுவீடனில் முதன்முதலாக ஊதியவர் அவரே. அடோல்ஃப் சாக்ஸ் எண்ணிய நாதம் வேண்டுமாயின் அவர் அமைத்ததைப் போன்ற அகன்ற உள்ளறையே வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் அவர் வாதாடினார். மற்றொரு புறம், பாரிஸ் இசைக் கல்லூரியில் 1942 முதல் 1968 வரை சாக்ஸபோன் கற்பித்த மார்செல் மூல், ஒளியும் துள்ளலும் மிகுந்த பிரெஞ்சு மரபை வளர்த்தார். இரு மரபினரும் தத்தம் நாதமே உண்மையான சாக்ஸபோன் நாதம் என்று நம்பினார்கள். இரு மேதைகளும் ஒரே ஆண்டில், 2001 இல், மறைந்தார்கள். வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. முடிய வேண்டியதும் இல்லை என்பது நமது கருத்து. இருவர் செவிகளும் வேறு. இருவர் நாடிய நாதங்களும் வேறு.

★

இனி, மவுத்பீஸின் உறுப்புகளைச் சற்றே உற்று நோக்குவோம். நாதத்தை மாற்றுகின்றவை முதன்மையாக நான்கு.

முதலாவது முனைத் திறப்பு. அஃதாவது, ரீடின் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் இடையே உள்ள இடைவெளி. ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கெனச் செய்யப்படுபவற்றில், மாணவர்கள் பெரிதும் பயன்படுத்தும் யமஹா 4 சி என்பதில் இவ்விடைவெளி 1.6 மில்லிமீட்டர். செல்மர் நிறுவனத்தின் எஸ் 80 சி ஸ்டாரில் 1.7 மில்லிமீட்டர். ஜாஸ் ஊதுவோர் விரும்பும் மேயர் 6 இல் ஏறத்தாழ 1.9 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது நாம் தாளில் எழுதும் ஒரு கோட்டின் பருமன் இருக்காது. அதனை உதடு உடனே உணர்ந்துவிடும். திறப்பு அகன்றால் காற்று மிகுதியாக வேண்டும். ரீடு மென்மையாக இருத்தல் வேண்டும். ஸ்வரத்தை வளைத்து நெளிப்பது எளிது, நேராக நிறுத்துவது அரிது. திறப்பு குறுகினால் சற்றே விறைப்பான ரீடைத் தாங்கும். ஸ்வரம் நிலையாக நிற்கும். ஒரு நிறுவனத்தின் 5 மற்றொன்றின் 5 அன்று என்பதையும் ஈண்டுச் சொல்லிவிட வேண்டும். எண்களுக்குப் பொது அளவுகோல் கிடையாது. எண்ணைப் பார்க்காமல் மில்லிமீட்டரைக் கேட்பதே அறிவுடைமை.

இரண்டாவது, சமதளத்திலிருந்து ரீடு விலகத் தொடங்கும் இடம்முதல் நுனிவரை செல்லும் வளைவு. இவ்வளவு நீண்டதா குட்டையா என்பதோடு, இரு பக்க விளிம்புகளும் ஒரே சீராக உள்ளனவா என்பதும் பெரிது. ஒரு பக்கம் மயிரிழை உயர்ந்திருந்தாலும் ரீடு சீராக மூடாது. கீச்சென்னும் ஒலிதான் மிஞ்சும். விலையுயர்ந்தவற்றிலும் இக்குறை காணப்படுவதுண்டு. மலிவானவற்றில் குறையற்றவை கிடைப்பதும் உண்டு.

மூன்றாவது, நுனியை அடுத்த உட்கூரை. அது ரீடுக்கு அருகே தாழ்ந்து வந்தால் காற்று விரைந்து நாதம் கூர்மையாகும்; விலகி உயர்ந்தால் தண்மையாகும். நான்காவது, அதற்கப்பால் உள்ள உள்ளறை. குறுகியது கூர்மை, அகன்றது உருட்சி.

எபோனைட் எனப்படும் கெட்டி ரப்பரா, உலோகமா, மரமா என்று விடிய விடிய வாதிடுவோர் உண்டு. உள்வடிவம் அணுவும் மாறாதிருக்குமாயின், செய்பொருளால் வரும் வேறுபாடு கேட்போர் செவிக்கு மிகச் சிறிது என்பதே ஒலியியலார் பொதுவாகக் கொள்ளும் முடிவு. உலோகத்தால் ஆனவை கூர்மையாக ஒலிப்பதாகத் தோன்றுவதற்கு, அவற்றைப் பெரும்பாலும் அத்தகைய உள்வடிவத்தோடு செய்வதே காரணம். ஆனால் உலோக அலகு மெலிந்திருக்கும். வாயைக் குறைவாகத் திறந்தால் போதும். வாய் மாறினால் நாதம் மாறும் அல்லவா?

இவை அனைத்துக்கும் அடியில் ஒரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்க இயற்பியல் அறிஞர் ஆர்தர் பெனேட் 1976 இல் வெளியிட்ட இசை ஒலியியல் நூலில் அதனை அழகுற விளக்கியிருக்கிறார். சாக்ஸபோன் ஒரு கூம்பு. ஆனால் நுனி வெட்டப்பட்ட கூம்பு. வெட்டிப்போன அந்நுனியின் கொள்ளளவு எவ்வளவோ, அதனை மவுத்பீஸின் உட்கொள்ளளவும் ரீடின் நெகிழ்வும் சேர்ந்து ஈடுசெய்ய வேண்டும். ஈடாகாவிட்டால், கீழ் ஸ்தாயியில் சுருதி சேர்ந்த கருவி மேல் ஸ்தாயியில் சுருதி பிசகும். ஆகவே மவுத்பீஸ் என்பது கருவியோடு ஒட்டவைத்த துணையுறுப்பு அன்று. கருவியின் காணாமற்போன நுனியே அதுதான். பழங்காலக் கருவியில் இக்கால மவுத்பீஸைச் செருகியவர்கள் சுருதியோடு போராடுவதன் காரணமும் பெரும்பாலும் இதுவே.

★

நிற்க. கணக்கு இவ்வாறிருக்க, மேதைகளின் வரலாறு சொல்வது என்ன?

1953 மே 15 அன்று கனடாவின் டொரண்டோ நகரில் மாஸ்ஸி ஹால் என்னும் அரங்கில் ஒரு ஜாஸ் கச்சேரி நடந்தது. ஆல்ட்டோ சாக்ஸபோன் ஊதியவர் சார்லி பார்க்கர். அன்று அவர் கையில் இருந்தது பித்தளைக் கருவி அன்று. கிராஃப்டன் என்னும் பெயருடைய, பிளாஸ்டிக்கில் வார்த்த கருவி. அக்கச்சேரியின் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்கின்றவர்களுக்குப் பிளாஸ்டிக் கேட்பதில்லை, பார்க்கர்தான் கேட்கிறார்.

இதனைக் கொண்டு, ‘கருவி எதுவாயினும் கவலையில்லை’ என்று முடிவு கட்டிவிடலாமா? அதற்குள் ஜான் கோல்ட்ரேன் குறுக்கே வருகிறார். 1961-62 இல் மெல்லிசைப் பாடல்களை மட்டும் கொண்டு அவர் ஒலிப்பதிவு செய்த தொகுப்பு ‘பாலட்ஸ்’. புயலென ஊதும் அவர் ஏன் இப்படி அடங்கி ஊதினார் என்று பலரும் வியந்தார்கள். அக்காலத்தில் தமக்கு மவுத்பீஸ் தொல்லை இருந்ததைப் பின்னாளில் நேர்காணல் ஒன்றில் அவரே கூறினார். உலகு போற்றும் கலைஞரையும் விரலளவுள்ள ஒரு துண்டு தடுத்து நிறுத்திற்று. எனினும் அத்தடைக்குள் நின்று அவர் தந்தது, மென்மையில் இன்றும் ஈடு சொல்லப்படும் இசை. வேகம் போயிற்று, கோல்ட்ரேன் போகவில்லை.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. தென் கன்னட மாவட்டத்தில் நாகசுரக் கலைஞரின் மகனாகப் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு, அதனையே தம் கருவியாக ஏற்றார். விசைகளை அழுத்தி ஊதும் இக்கருவி ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குப் படியேறிச் செல்வது. கர்நாடக இசையின் கமகமோ படியில்லாமல் வழுக்கிச் செல்வது. இரண்டும் எங்ஙனம் பொருந்தும்? உதடும் தாடையும் மூச்சும் விரலும் ஒன்றுபட்டு உழைத்துத்தான் பொருந்த வேண்டும். 1994 இல் வெளிவந்த ‘டூயட்’ திரைப்படத்தில் அவருடைய சாக்ஸபோன் ஒலித்தபோது, கர்நாடகக் கச்சேரிக்குப் போயறியாத தமிழரும் அந்நாதத்தைத் தெரிந்துகொண்டார்கள். 2019 அக்டோபரில் அவர் மறைந்தார். நாகசுரத்தைக் கேட்டு வளர்ந்த ஒரு செவி, மேலைநாட்டுப் பித்தளையிலும் நாகசுரத்தின் வழுக்கலைத் தேடிக் கண்டது என்றே நாம் கொள்கிறோம். எந்தக் கடையிலும் அதனை விற்கமாட்டார்கள்.

ஆக, வரலாறு சொல்வது இது: நாதம் செவியில் பிறந்து வாயில் உருப்பெறுகிறது. மவுத்பீஸ் அதனைத் தருவதில்லை. ஆனால் தடுக்க வல்லது. நல்ல மவுத்பீஸ் என்பது தடுக்காத மவுத்பீஸ்.

★

இவ்வுண்மையை நூல்களில் படித்தது வேறு. பல் போனபின் அறிந்தது வேறு.

நமது பழைய மவுத்பீஸ் திறப்பு அகன்றது. அதனை அடக்கி ஆள மேற்பற்கள் உறுதியாக ஊன்றி நிற்க வேண்டும். பல்செட்டோ, தாடை சற்றே அழுத்தியதும் ஈறின்மேல் நகர்ந்தது. நகர்கிறதே என்று அழுத்தத்தைக் குறைத்தால் இதழோரம் காற்றுக் கசிந்தது. கீழ் ஸ்தாயியில் மெல்லத் தொடங்கும் ஸ்வரங்கள், அழைத்தால் வாராத பிள்ளைகளைப்போல் ஒளிந்துகொண்டன. பத்து நிமிடத்தில் வாய் ஓய்ந்தது. அவற்றையெல்லாம்விடக் கொடியது, நம் காதில் விழுந்த நாதம். உயிரும் ஒளியும் போய், போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

அலகின்மேல் ஒட்டும் ரப்பர் மெத்தை, மேலுதட்டையும் பற்களின்மேல் மடித்து இரு உதடுகளாலும் பற்றி ஊதும் முறை முதலியவற்றை முயன்றோம். மெத்தை வலியைக் குறைத்தது. இரட்டை உதட்டு முறை நாதத்தைத் திறந்துவிட்டது. ஆனால் நம் வயதுக்கு உதடு கால்மணி நேரத்துக்குமேல் தாங்கவில்லை. பின்னர்ச் சென்னையில் உள்ள நண்பர்களிடமும் கடைகளிலும் கேட்டு, வெவ்வேறு திறப்பும் உள்ளறையும் உடைய ஐந்து மவுத்பீஸ்களைத் திரட்டினோம்.

தேர்வு செய்யும் பொறுப்பை நம் செவிக்கு மட்டும் விட்டுவிட மனம் துணியவில்லை. இல்லாளையும் மகள்வழிப் பேரனையும் கூடத்தில் அமரச் செய்து, நாம் திரைக்கு இப்பால் அறையில் நின்றுகொண்டோம். ஒவ்வொன்றாக மாற்றி, ஒரே மெட்டை ஊதினோம். எது எதுவென்று அவர்களுக்குத் தெரியாது. பேரன் தாளில் ஒன்று, இரண்டு என்று குறித்து மதிப்பெண் இட்டான். மூன்று இரவுகள், வரிசையை மாற்றி மாற்றி இவ்வாறு செய்தோம். மூன்று இரவும் இல்லாள் தேர்ந்தது ஒன்றையே. “இதுதாங்க உங்க ஊத்து. மத்ததெல்லாம் விருந்தாளி பேசுற மாதிரி இருக்கு” என்றார். இசை கற்றவர் அல்லர் அவர். ஆனால் முப்பதாண்டு மாலைகளில், சமையற்கட்டிலிருந்தும் கொல்லையிலிருந்தும் கேட்டவர். அவர் தேர்ந்தது, பழையதைவிடத் திறப்புக் குறுகியது, அலகு தாழ்ந்து வாய்க்கு எளிதானது, உள்ளறை நடுத்தரமானது. நகராத பல்செட்டோடு அதனை ஒரு மணி நேரம் ஊத முடிந்தது.

ஆயினும் நமக்கு ஐயம் தீரவில்லை. அவர் கேட்ட பழைய நாதம் நம் காதில் மட்டும் விழக் காணோமே! பதினைந்து ஆண்டுகளுக்கு முந்திய நமது ஒலிநாடா ஒன்று பெட்டியில் இருந்தது. அதனை ஒலிக்கச் செய்து, பின்பு புதிய மவுத்பீஸில் அதே மெட்டை ஊதிக் கைப்பேசியில் பதிந்ததையும் ஒலிக்கச் செய்து, பேரனிடம் கருத்துக் கேட்டோம். “ரெண்டும் ஒண்ணுதானே நன்னா?” என்றான் அவன், விளையாட்டை விட்டு அழைத்த சலிப்போடு. நாமும் கேட்டோம். நாடாவின் இரைச்சலை நீக்கிவிட்டுப் பார்த்தால், இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

அப்போதுதான் ஓர் உண்மை தெளிவாயிற்று. ஊதுகின்றவர் தம் நாதத்தைக் காதால் மட்டும் கேட்பதில்லை. ரீடின் துடிப்பு மவுத்பீஸ் வழியாக மேற்பற்களில் ஏறி, எலும்பின் வழியே உட்செவியை அடைகிறது. நமது குரலை ஒலிப்பதிவில் கேட்டால் ‘இது நம் குரல்தானா?’ என்று தோன்றுவதும் இத்தகைய காரணத்தால்தான். வேரோடிய பல் போய், ஈறின்மேல் மிதக்கும் பல் வந்ததும் அவ்வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. வெளியே சென்ற நாதத்தில் சிறிதே மாற்றம். உள்ளே வந்த நாதத்தில்தான் பெருமாற்றம். தொலைந்தது நாதம் அன்று. அதனை நாம் கேட்டுவந்த வழி.

ஓர் உண்மை தெளிந்ததால் துயரம் தீர்ந்துவிடுவதில்லை. தலைக்குள் முழங்கிய அந்நாதம் எந்த மவுத்பீஸாலும் திரும்பி வாராது. இனி நம் நாதத்தை நாம் முன்போல் முழுமையாகக் கேட்கப்போவதில்லை. வீட்டார் கேட்கிறார்கள், அண்டை வீட்டார் கேட்கிறார்கள். தம் குரல் தமக்கு எட்டாதபோதும் அது பிறரைச் சென்று சேர்கிறது என்று நம்பி ஊதப் பழகிக்கொள்வது, இவ்வயதில் நாம் கற்க நேர்ந்த புதிய பாடம்.

★

புதிய மவுத்பீஸ் தேடும் இளைஞர்கள் நம்மிடம் வருவதுண்டு. அவர்களுக்குச் சொல்வதை இங்கும் எழுதிவைக்கிறோம்.

முதலில், எவ்வித நாதம் வேண்டும் என்பதைச் செவியில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். விரும்பும் கலைஞர்களைப் பல நாள் கேளுங்கள். செவியில் இல்லாத நாதத்தை எந்த மவுத்பீஸிலும் தேட இயலாது. எதிர்ப்பட்டாலும் அடையாளம் தெரியாது.

கடைக்குச் செல்லும்போது உங்கள் கருவியையே எடுத்துச் செல்லுங்கள். விறைப்பில் வேறுபட்ட ரீடுகள் இரண்டு மூன்றும் உடன் இருக்கட்டும். பழைய மவுத்பீஸுக்கு இசைந்த ரீடு புதியதற்கு இசையாமற் போகலாம். ரீடின் குறையை மவுத்பீஸின்மேல் ஏற்றிவிடக் கூடாது.

வேகமாக ஊதிக் காட்டாதீர்கள். ஒரே ஸ்வரத்தை நீட்டி, மெல்லத் தொடங்கி, வளர்த்து, மீண்டும் மெல்லியதாக்கி முடியுங்கள். மிகக் கீழான ஸ்வரம் மென்மையாகத் தொடங்குகிறதா? மேல் ஸ்வரம் மெலிந்து கீச்சிடாமல் நிற்கிறதா? ஒரு ஸ்வரத்தையும் அதன் மேல் ஸ்தாயி ஸ்வரத்தையும் மாற்றி மாற்றி ஊதினால் சுருதி சேர்கிறதா? இம்மூன்றிலும் தேறாதது எத்துணைப் புகழ்பெற்றதாயினும் விட்டுவிடுங்கள்.

முதல் நாளின் மயக்கத்தை நம்பாதீர்கள். புதிய மவுத்பீஸ் எதுவும் முதல் நாள் புதிய நாதத்தையே தரும். இரண்டு வாரம் சென்றால், நாவும் தொண்டையும் உதடும் மெல்ல மெல்ல இணங்கி, உங்கள் பழைய நாதத்தையே அதிலும் உண்டாக்கிவிடும். அப்போது எஞ்சியிருப்பது எளிமையா, தொல்லையா என்று பாருங்கள். எளிமையாயின் வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைவில் இருந்து கேட்க ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். உங்களை நெடுநாள் கேட்டவராக இருந்தால் மிக நன்று. பின்பு, தேடலை நிறுத்துங்கள். சன்னி ராலின்ஸ் என்னும் மாபெரும் சாக்ஸபோன் கலைஞர், புகழின் உச்சியில் இருந்த 1959 ஆம் ஆண்டு மேடைகளை விட்டு விலகி, 1961 வரை நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின்மேல் நின்று ஊதிப் பயின்றார். அவ்விரண்டாண்டு உழைப்பைச் சுருக்கித் தரும் குறுக்குவழி எந்தப் பேழையிலும் இல்லை.

இறுதியாக ஒன்று. இல்லாள் தேர்ந்த மவுத்பீஸின் பெயரை நாம் இங்கே எழுதவில்லை. கேட்டு வந்த இளைஞர்களிடமும் சொன்னதில்லை. அது நமது ஈறுக்கும் நமது மூச்சுக்கும் நம் வீட்டாரின் செவிக்கும் ஏற்றது. உங்களுக்குரியதன் பெயரை உங்கள் வாய்தான் அறியும்; அதுவும் பொறுமையாகக் கேட்டால் மட்டுமே சொல்லும்.